கரடி உலவும் காட்டில் பன்னிரண்டு பேர்: டீட்டன், எல்லோஸ்டோன், கிளேசியர் கேம்பிங் கையேடு

மூன்று நான்கு குடும்பங்கள் சேர்ந்து அமெரிக்காவின் வயோமிங், மொன்டானா பக்கம் உள்ள கிராண்ட் டீட்டன், எல்லோஸ்டோன், கிளேசியர் தேசியப் பூங்காக்களில் கூடாரம் போட்டுத் தங்கலாம் என்று பேச்சை எடுத்தவுடன், "கரடி வந்தா என்ன பண்றது?" என்று யாராவது கேட்பார்கள். அதைவிட அவசரமான கேள்வி ஒன்று உண்டு: ராத்திரி பத்து மணிக்கு ஊறுகாய் பாட்டிலை எடுத்து வண்டிக்குள் வைத்துப் பூட்டியது யார்? இருவர் மட்டும் போனால் அவர்களில் ஒருவர் எப்படியும் வைத்துவிடுவார். பன்னிரண்டு பேர் போனால், இன்னொருவர் வைத்திருப்பார் என்று ஆளாளுக்கு நினைத்துக்கொண்டு தூங்கிவிடுவார்கள். கரடிக் காட்டில் கூட்டப் பயணங்கள் சறுக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அதனால் இந்தக் கட்டுரை முழுக்க "யார் பொறுப்பு" என்ற கேள்வி திரும்பத் திரும்ப வரும்.

இந்தக் கெடுபிடி வந்த கதையைத் தெரிந்துகொண்டால் எரிச்சல் வராது. எல்லோஸ்டோனில் ஒரு காலத்தில் விடுதிகளின் குப்பைமேட்டில் கரடிகள் மேய்வதை ஜனங்கள் பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். 1967 ஆகஸ்ட் 13 அன்று கிளேசியர் பூங்காவில், ஒரே இரவில், வெவ்வேறு இரண்டு இடங்களில், இரண்டு கிரிஸ்லி கரடிகள் இரண்டு இளம்பெண்களைக் கொன்றன. மனிதர்கள் விட்ட மிச்சம் மீதிக்குப் பழகிய கரடிகள் அவை. 1970 வாக்கில் எல்லோஸ்டோனின் திறந்த குப்பைமேடுகள் எல்லாம் மூடப்பட்டன. 1975-ல் கிரிஸ்லி பாதுகாக்கப்பட்ட விலங்குகளின் பட்டியலில் சேர்ந்தது. இன்றும் கூடாரத்தில் ஒருமுறை நல்ல தீனி கிடைத்துவிட்டால் கரடி திரும்பத் திரும்ப வரும்; கடைசியில் பூங்கா ஆட்களே அதைக் கொல்ல நேரும். உங்கள் பிஸ்கட் பாக்கெட் ஒரு கரடியின் உயிரை வாங்கலாம்.

எப்போது, எந்த வழியில்

முதல் தடவை போகும் கூட்டத்துக்கு ஜூலை இரண்டாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை வசதி. கிளேசியரின் 'கோயிங் டு த சன்' சாலை பனி அகற்றி முழுசாகத் திறக்கவே பெரும்பாலும் ஜூன் கடைசி அல்லது ஜூலை முதல் வாரம் ஆகிவிடும். ஆகஸ்டில் சில வருடம் காட்டுத்தீப் புகை மூடிக்கொள்ளும். செப்டம்பரில் கூட்டம் குறைவு, ஆனால் குளிர்காலத் தூக்கத்துக்குத் தயாராகும் கரடிகள் நாள் முழுக்கத் தீனி தேடி அலையும் காலம் அது. எல்க் என்ற பெரிய மான்களின் கடாக்கள் மதம் பிடித்து நிற்பதும் அப்போதுதான். புதியவர்களுக்கு வேண்டாம்.

பத்து நாள் கையில் இருந்தால் தெற்கிலிருந்து வடக்காகப் போங்கள். சால்ட் லேக் சிட்டி அல்லது ஜாக்சனில் தொடங்கி, கிராண்ட் டீட்டனின் கோல்ட்டர் பே கேம்பில் இரண்டு இரவு. பிறகு தெற்கு வாசல் வழியாக எல்லோஸ்டோனுக்குள் நுழைந்து மேடிசனில் இரண்டு, கேன்யனில் இரண்டு. அங்கிருந்து வடக்கு வாசலான கார்டினர் வழியே வெளியேறி, கிட்டத்தட்ட 400 மைல் ஓட்டி, கிளேசியரின் ஆப்காரில் மூன்று இரவு. அந்த 400 மைலை ஒரே மூச்சில் ஓட்டிவிட்டு இருட்டில் கூடாரம் போட முயலாதீர்கள். நடுவில் ஹெலெனா, மிசூலா மாதிரி ஒரு ஊரில் மோட்டல் அறை போட்டுத் துணி துவைத்து, நன்றாகக் குளித்துவிட்டுப் போனால் கூட்டத்தில் சண்டை வராது.

எல்லோஸ்டோனில் ஒரே ஒரு இடத்தில் தங்கி முழுப் பூங்காவையும் பார்த்துவிடலாம் என்று வரைபடத்தைப் பார்த்தால் தோன்றும். உள்ளே எட்டு வடிவில் ஓடும் சாலை 142 மைல். வேக வரம்பு மணிக்கு 45 மைல். நடுவில் காட்டெருமைக் கூட்டம் சாலையில் நின்றால் அரை மணி நேரம் அப்படியே போகும். அதனால்தான் மேற்கே மேடிசன், கிழக்கே கேன்யன் என்று இரண்டாகப் பிரித்திருக்கிறோம். ஓல்ட் ஃபெய்த்ஃபுல் வெந்நீர் ஊற்றுகள் மேடிசனுக்குப் பக்கம். ஹேடன் பள்ளத்தாக்கு கேன்யனிலிருந்து கூப்பிடு தூரம். கரடியையும் ஓநாயையும் விடியற்காலையில் தூரத்திலிருந்து பார்க்க நல்ல இடம்.

முன்பதிவு: இடம் கிடைத்த பிறகே ஆள் சேருங்கள்

எல்லோஸ்டோனில் ஒரு கூடார இடத்தில் அதிகபட்சம் ஆறு பேர். கிளேசியரில் எட்டுப் பேரும் இரண்டு வண்டியும். ஆக, பன்னிரண்டு பேருக்குக் குறைந்தது இரண்டு இடம் வேண்டும். "ஒரே இடத்தில் நெருக்கிப் போட்டுக்கலாம்" என்பது அங்கே நடக்காது. ரேஞ்சர் (பூங்காக் காவலர்) வந்து பிரித்துவிடுவார். பெரிய கூட்டத்துக்கான குழு இடங்கள் எல்லோஸ்டோனில் மேடிசன், கிராண்ட், பிரிட்ஜ் பே ஆகிய மூன்றில் உண்டு. அவற்றில் கூடாரம் மட்டும்தான். ஃபிஷிங் பிரிட்ஜில் கூடாரமே கூடாது. கரடி நடமாட்டம் அதிகம் என்பதால் துணிச் சுவர் இல்லாத, கெட்டிச் சுவர் கொண்ட தங்கும் வண்டிகளுக்கு மட்டும் அனுமதி. தெரியாமல் அங்கே முன்பதிவு போட்டுவிட்டு வாசலில் நிற்பவர்கள் உண்டு.

மேடிசன், கேன்யன், கிராண்ட், பிரிட்ஜ் பே ஆகியவற்றை எல்லோஸ்டோன் லாட்ஜஸ் நிறுவனம் நடத்துகிறது. ஒரு வருடத்துக்கு முன்பே முன்பதிவு திறந்துவிடும். டீட்டனுக்கும் கிளேசியருக்கும் ரெக்ரியேஷன் டாட் கவ் என்ற அரசு இணையதளம். பெரும்பாலான இடங்கள் ஆறு மாதம் முன்னால் காலையில் திறந்து, சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். இரண்டு பேர் இரண்டு கணினியில் உட்கார்ந்து, அடுத்தடுத்த இரண்டு எண்களைக் குறிவைத்துப் போடுங்கள். எதிரும் புதிருமாக இடம் கிடைத்தால் சமையல் ஒரு பக்கம், தூக்கம் ஒரு பக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். அது நல்ல யோகம்.

குளியல் வசதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். கோல்ட்டர் பே, கேன்யன், கிராண்ட் ஆகியவற்றில் ஷவரும் துணி துவைக்கும் இடமும் பக்கத்திலேயே உண்டு. மேடிசனில் கிடையாது.

நுழைவுக் கட்டணம் ஒரு பூங்காவுக்கு ஒரு வண்டிக்கு 35 டாலர், ஏழு நாளுக்கு. மூன்று பூங்கா என்றால் வருடப் பாஸ் லாபம். ஆனால் 2026 முதல் அமெரிக்காவில் வசிப்பவருக்கு ஒரு கட்டணம், வெளிநாட்டவருக்கு வேறு என்று பிரித்துவிட்டார்கள்: வருடப் பாஸ் வசிப்பவருக்கு 80 டாலர், மற்றவருக்கு 250. பாஸ் இல்லாமல் வரும், 16 வயதோ அதற்கு மேலோ ஆன வெளிநாட்டவருக்கு, இந்த மூன்று பூங்காக்கள் உட்பட 11 இடங்களில், தலைக்கு 100 டாலர் கூடுதல். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவைக் கூட்டிப்போகிறவர்கள் இதைக் கிளம்புவதற்கு முன் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். வாசலில் வரிசையில் நின்றுகொண்டு கூட்டிக் கழிப்பது நன்றாக இருக்காது.

வண்டி

15 பேர் உட்காரும் பெரிய வேனை வாடகைக்கு எடுத்தால் எல்லாரும் ஒன்றாய்ப் போகலாம் என்று ஆசை வரும். கிளேசியரின் 'கோயிங் டு த சன்' சாலையில் அவலாஞ்ச் முதல் ரைசிங் சன் வரை 21 அடிக்கு மேல் நீளம், கண்ணாடிகளையும் சேர்த்து 8 அடிக்கு மேல் அகலம் உள்ள வண்டி போகக் கூடாது. பெரிய வேன்களில் சில 22 அடி. பயணத்தின் அழகே அந்தச் சாலைதான். அதை விட்டுவிட்டு வருவதற்கு இவ்வளவு தூரம் போக வேண்டாம். மூன்று மினிவேன் அல்லது எஸ்யூவி, வண்டிக்கு நான்கு பேர், மீதி இடத்தில் சாமான். மூன்று வண்டி என்றால் உணவைப் பூட்டி வைக்க மூன்று இரும்புப் பெட்டி கிடைத்த மாதிரி.

மேல்புறம் துணியால் ஆன ஜீப், திறந்த பின்புறம் உள்ள பிக்கப் இரண்டும் வேண்டாம். அவற்றில் வைத்த உணவு வெளியே வைத்த உணவுதான்.

பூங்காக்களுக்குள் பெரும்பாலும் ஃபோன் சிக்னல் இருக்காது. வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொண்டு, வண்டிக்கு ஒரு வாக்கி டாக்கி வாங்குங்கள். பிரிந்துவிட்டால் எங்கே, எத்தனை மணிக்குச் சேர்வது என்பதை ஒவ்வொரு காலையும் வாயால் சொல்லிக்கொள்ளுங்கள். "ஃபோன் பண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனால் சாயங்காலம் வரை தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

சமையல்: உயரம் செய்யும் வேலை

கேன்யன் கேம்ப் இருப்பது சுமார் 7,900 அடி உயரத்தில். அங்கே தண்ணீர் 92 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். குமிழி பறக்கும், ஆனால் துவரம்பருப்பு மணிக்கணக்கில் வேகாது. பாத்திரத்தில் பருப்பு வேகவைக்கலாம் என்று எண்ணாமல் 8 லிட்டர் குக்கர் ஒன்றைக் கட்டாயம் எடுத்துப் போங்கள். பருப்பை அரை மணி நேரம் ஊறவைத்து, வீட்டில் விடுவதைவிட இரண்டு விசில் கூட விடுங்கள். பன்னிரண்டு பேருக்கு ஒரு வேளைக்கு அரிசி 1 கிலோவிலிருந்து 1.2 கிலோ, பருப்பு 400 கிராம் போதும். குளிரில் கொஞ்சம் கூடவே சாப்பிடுவார்கள். இட்லி மாவு கொண்டுபோகும் யோசனையை இங்கேயே கைவிடுங்கள். இரவுக் குளிரில் புளிக்காது. புளித்துப் பொங்கினால் இன்னும் மோசம், உணவுப் பெட்டி முழுக்க வழியும்.

கேஸ் கணக்கு எளிது. இரண்டு பர்னர் அடுப்பு முழுத் தீயில் மணிக்குச் சுமார் 20,000 பிடியு (வெப்ப அளவு) எரிக்கும். ஒரு பவுண்டு பச்சை சிலிண்டரில் இருப்பது கிட்டத்தட்ட 21,600. அதாவது ஒரு மணி நேரம். பன்னிரண்டு பேர் கூட்டத்துக்கு நாளைக்கு இரண்டு மூன்று தீரும். காலி உருளைகள் குவியும். அதற்குப் பதில் பார்பிக்யூவுக்குப் போடும் 20 பவுண்டு டாங்க் ஒன்றும் அதற்கான குழாயும் அடாப்டரும் வாங்கிக்கொண்டால் முழுத் தீயிலேயே இருபது மணி நேரம் வரும். ஒரு டாங்கில் பயணம் முடிந்துவிடும். விமானத்தில் வருபவர்கள் கேஸையும் கரடி ஸ்ப்ரேயையும் இறங்கிய ஊரில்தான் வாங்க வேண்டும். கைப்பையிலும் விடமாட்டார்கள், பெட்டியிலும் விடமாட்டார்கள்.

தாளிக்கக் கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை. தாளிக்கும்போது போட்டிருந்த சட்டையோடு போய்ப் படுப்பதுதான் தப்பு. சமைப்பவர்கள் சமையலுக்கென்று ஒரு செட் துணி வைத்துக்கொண்டு, முடிந்ததும் கழற்றி வண்டிக்குள் போட்டுப் பூட்டுங்கள். மீன் வறுவலை ஊரில் சாப்பிட்டுக்கொள்ளலாம்.

கழுவுகிற தண்ணீர் விஷயத்தில் கவனம் வேண்டும். சாம்பார்ச் சட்டியைக் கழுவி மரத்தடியில் ஊற்றுவது, வடித்த கஞ்சியைப் புதரில் கொட்டுவது, கறிவேப்பிலையையும் வாழைப்பழத் தோலையும் "மக்கிப் போயிடும்" என்று வீசுவது எல்லாமே கரடிக்கு அழைப்பிதழ். முதலில் தட்டையும் பாத்திரத்தையும் பேப்பர் டவலால் வழித்துவிடுங்கள். கழுவிய தண்ணீரை டீ வடிகட்டியில் வடித்து, சக்கையைக் குப்பையில் போட்டு, தண்ணீரைக் கழிப்பறைக் கட்டடத்தை ஒட்டியிருக்கும் பாத்திரத் தொட்டியில் ஊற்றுங்கள். மிச்சத்தை அடுப்பு நெருப்பில் போட்டால் முழுசாக எரியாது. சாம்பலைக் கரடி கிளறும். காக்கைக்குச் சோறு வைக்கும் பழக்கத்தையும் பத்து நாள் நிறுத்தி வையுங்கள். அங்குள்ள அண்டங்காக்கைகள் பையின் ஜிப்பைத் திறக்கத் தெரிந்தவை.

மணக்கும் எல்லாம் உணவே

கரடிக் காட்டில் "உணவு" என்பதற்குப் பொருள் வேறு. மணம் உள்ள எதுவும் உணவுதான். அரிசி, பருப்பு, ஐஸ் பெட்டி, காலி ஜூஸ் டின், குப்பைப் பை, அடுப்பு, கழுவிய குக்கர் (அதன் ரப்பர் வளையத்தில் வாசனை போகவே போகாது) என்பது எல்லாருக்கும் தெரியும். மறப்பது வேறு சாமான்கள்: பற்பசை, சோப்பு, ஷாம்பு, சன்ஸ்க்ரீன், கொசு மருந்து, தேங்காய் எண்ணெய், கோடாலித் தைலம், விக்ஸ், ஊதுபத்தி, இருமல் சிரப், சட்டைப் பையில் கிடக்கும் சூயிங்கம், பால் சிந்திய குழந்தை இருக்கை, நாய்த் தீனிக் கிண்ணம். குழந்தையின் பால் பாட்டிலைக் கூடாரத்துக்குள் வைத்துக்கொள்வதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. நடு இரவில் பால் வேண்டுமென்றால் வண்டியில் வைத்து, இரண்டு பெரியவர்கள் டார்ச்சும் ஸ்ப்ரேயுமாகப் போய் எடுத்து வாருங்கள்.

இவற்றை வைக்க இரண்டே இடம்: கண்ணாடி முழுசாக ஏற்றிப் பூட்டிய வண்டி, அல்லது கேம்பில் பதித்திருக்கும் இரும்புக் கரடிப் பெட்டி. எல்லா இடத்திலும் பெட்டி இருக்காது; சில கேம்பில் பொதுவாக ஒன்று இருக்கும். அதன் தாழ்ப்பாள் ஒரு தகட்டுக்குள் மறைந்திருக்கும். விரலை உள்ளே விட்டுத் தூக்கினால்தான் திறக்கும். கரடியின் பாதம் அதற்குள் நுழையாது. மூடிய பிறகு ஒருமுறை இழுத்துப் பாருங்கள். பாதி மாட்டிய தாழ்ப்பாள் மூடியது போலவே தெரியும். காரையும் பூட்டுங்கள். சாத்தி மட்டும் வைத்தால் கரடிக்குக் கைப்பிடியை இழுத்துக் கதவைத் திறக்கத் தெரியும்.

இந்த மூன்று பூங்காக்களில் வண்டியில் வைக்க அனுமதி உண்டு. கலிபோர்னியாவின் யோசமிட்டியில் இருட்டிய பிறகு வண்டியில் உணவு வைக்கவே கூடாது. அங்குள்ள கருங்கரடிகள் கதவை உரித்தெடுக்கும். கரடி ஸ்ப்ரேக்கும் அங்கே தடை. ஒரு பூங்காவில் படித்ததை அப்படியே இன்னொன்றுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

பகலிலும் இதே கணக்குதான். மேசையில் பழக்கூடையை வைத்துவிட்டு எல்லாரும் ஆற்றங்கரைக்குப் போனால், திரும்பி வரும்போது மேசையில் ரேஞ்சரின் எச்சரிக்கைச் சீட்டு இருக்கும். அபராதமும் போடுவார்கள்.

இரவு மூடும் முறை

ஒவ்வொரு இரவுக்கும் ஒரு "பூட்டுக்காரர்" பெயரைக் கிளம்பும் முன்பே தாளில் எழுதி ஒட்டுங்கள். கூடவே ஒரு துணையாள். கடைசியாகப் படுப்பவர்கள் இந்த இருவர்தான்.

1. சாப்பாடு முடிந்து அரை மணிக்குள் பாத்திரம் கழுவி முடிய வேண்டும். ஊற வைப்பது கிடையாது.
2. குப்பைப் பையைக் கட்டி, கேம்பின் கரடி புகாத தொட்டியில் போட்டுவிடுங்கள். நாளைக்கு இரண்டு தடவை போட வேண்டும்.
3. எல்லாரும் ஒரே நேரத்தில் பல் துலக்கிவிட்டு, பற்பசை, சோப்பு வகையறாவை ஒரே பையில் போட்டுப் பூட்டுக்காரரிடம் கொடுக்க வேண்டும். தனித்தனிப் பை என்றால் ஒன்று நிச்சயம் விட்டுப்போகும்.
4. துணையாள் ஒவ்வொரு கூடார வாசலிலும் நின்று கேட்க வேண்டும்: "பாக்கெட்டில் மிட்டாய், தைலம், மருந்து?" குழந்தைகளிடம் இரண்டு தடவை.
5. பூட்டுக்காரர் டார்ச்சோடு மேசை மேல், மேசைக்கு அடியில், பெஞ்சுக்கு அடியில், நெருப்புக் குழியைச் சுற்றி என்று ஒரு சுற்று வர வேண்டும். கீழே விழுந்த முந்திரி, வேர்க்கடலை இங்கேதான் கிடைக்கும்.
6. கரடிப் பெட்டியை இழுத்துப் பார்த்து, மூன்று வண்டியையும் பூட்டி, சாவியை ஆளுக்கொன்றாகத் தலைமாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். நடு இரவில் சத்தம் கேட்டால் சாவியின் பேனிக் பொத்தானை அழுத்தினால் ஹார்ன் அலறும்.

கூடாரத்துக்குள் இருக்க வேண்டியவை: படுக்கை, தூங்கும் துணி, டார்ச், ஸ்ப்ரே, சாவி. 

கூடாரங்களை அந்த இடம் அனுமதிக்கும் அளவுக்கு மேசையிலிருந்து தள்ளி, காற்று கூடாரத்திலிருந்து சமையல் பக்கம் வீசுகிற மாதிரி போடுங்கள். சாலையோரக் கேம்ப் இல்லாமல் காட்டுக்குள் நடந்துபோய்த் தங்குவதானால் சமையல் இடம் கூடாரத்திலிருந்து 100 கஜம் தள்ளி இருக்க வேண்டும். உணவைத் தரையிலிருந்து 10 அடி, மரத்திலிருந்து 4 அடி விலக்கிக் கயிற்றில் தொங்கவிட வேண்டும். அது முதல் பயணத்துக்கு உரியதல்ல.

குளிரைக் குறைத்து எடைபோட வேண்டாம். ஜூலையிலும் கேன்யனில் சில இரவு உறைநிலையைத் தொடும். 20 டிகிரி ஃபாரன்ஹீட் என்று குறித்த தூக்கப் பையும், அடியில் போட நல்ல மெத்தையும் வேண்டும். குளிர் தரையிலிருந்துதான் ஏறும். 3,200 அடியில் இருக்கும் ஆப்காருக்கு வந்ததும் எல்லாரும் ஸ்வெட்டரைக் கழற்றிவிடுவார்கள்.

கரடி ஸ்ப்ரே

கடையில் வாங்கும்போது "கரடிகளுக்கு" என்று குறித்த டப்பாதானா, குறைந்தது 7.9 அவுன்ஸ், அதாவது 225 கிராம் இருக்கிறதா, காலாவதித் தேதி என்ன என்று பாருங்கள். ஆட்களுக்கு அடிக்கும் சிறிய மிளகு ஸ்ப்ரே இதற்கு உதவாது. விலை 40 முதல் 50 டாலர். நடக்கப் போகும் ஒவ்வொரு பெரியவருக்கும் ஒன்று; அவ்வளவு முடியாவிட்டால் பன்னிரண்டு பேருக்கு ஆறாவது வேண்டும். கூட்டத்தின் முன்னால் போகிறவரிடம் ஒன்று, கடைசி ஆளிடம் ஒன்று எப்போதும் இருக்க வேண்டும்.

புது டப்பாவில் பாதுகாப்புப் பிடியைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் பட்டை கட்டியிருக்கலாம். அதை முதல் நாளே வெட்டி எடுங்கள். வெட்டாமல் இடுப்பில் தொங்கவிட்டுத் திரிபவர்களைத் தடங்களில் பார்க்கலாம். அவர்களிடம் இருப்பது அலங்காரம். டப்பா இடுப்பிலோ மார்பிலோ உறையில் இருக்க வேண்டும், முதுகுப்பைக்குள் அல்ல. கேம்பில் எல்லாரும் வட்டமாக நின்று, உறையிலிருந்து எடுப்பது, கட்டைவிரலால் பிடியைப் பின்னால் தள்ளித் தொடுவது, இரண்டு கையால் பிடிப்பது ஆகியவற்றைப் பத்துத் தடவை செய்து பாருங்கள், அழுத்தாமல்.

கரடி பாய்ந்து வரும்போது 30 முதல் 60 அடி தூரத்தில் அடிக்கத் தொடங்க வேண்டும். சற்றுத் தாழ்த்தி, கரடிக்கு முன்னால் ஒரு மேகம் எழும்படி இரண்டு மூன்று விநாடி. அது மேகத்துக்குள் நுழைந்து திரும்பும். திரும்பாவிட்டால் முகத்துக்கு நேராக மறுபடி. பிறகு அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

கொசு மருந்து மாதிரி கூடாரத்தின் மேல் அடித்துவைக்கும் ஆட்களும் உண்டு. காய்ந்த மிளகு வாசனை கரடியை விரட்டாது, ஆர்வப்பட்டு வந்து முகரத்தான் வைக்கும். வெயிலில் நிறுத்திய வண்டியின் டேஷ்போர்டிலும் டப்பாவை வைக்காதீர்கள். 120 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் வெடிக்கலாம்.

நடக்கும்போது

கூட்டமாகப் போவதன் பெரிய லாபம் இங்கேதான். மூன்று பேராவது சேர்ந்து, பேசிக்கொண்டே நடந்தால் கரடி முன்கூட்டியே கேட்டு விலகிவிடும். ஆனால் பன்னிரண்டு பேர் இரண்டே நிமிடத்தில் நான்கு துண்டாகச் சிதறிவிடுவார்கள்; முன்னால் ஓடும் பிள்ளைகள் ஒரு துண்டு. பிள்ளைகள் நடுவில், மெதுவாக நடப்பவர் முன்னால் என்று வரிசை வையுங்கள். மணி கட்டிக்கொண்டு நடப்பது பலன் தராது. மனிதக் குரல்தான் வேண்டும். ஆற்று இரைச்சல், வளைவு, அடர்ந்த புதர், எதிர்க்காற்று உள்ள இடங்களில் சத்தத்தைக் கூட்டிக் கை தட்டுங்கள். அந்தாக்ஷரி ஆடிக்கொண்டு போனால் கரடிக்கும் உங்களுக்கும் நல்லது. கூட வரும் மற்றவர்கள் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். காதில் இயர்ஃபோன் கூடாது. அழுகிய நாற்றமும் காக்கைக் கூட்டமும் சேர்ந்து தென்பட்டால் பக்கத்தில் செத்த விலங்கு கிடக்கிறது, அதைக் காவல் காக்கும் கரடியும் இருக்கலாம். வந்த வழியே திரும்புங்கள்.

சட்டப்படி கரடியிடமிருந்தும் ஓநாயிடமிருந்தும் 100 கஜம், மற்ற பெரிய விலங்குகளிடமிருந்து 25 கஜம் தள்ளி நிற்க வேண்டும். எல்லோஸ்டோனில் மனிதரை அதிகம் காயப்படுத்தும் விலங்கு காட்டெருமை. அது மாடு மாதிரி சாதுவாக நிற்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

எதிர்பாராமல் கரடி எதிரே வந்துவிட்டால்: நில்லுங்கள், சேர்ந்து நில்லுங்கள், பிள்ளைகளைப் பின்னால் இழுங்கள், ஸ்ப்ரேயை எடுங்கள். ஓடாதீர்கள். கண்ணை உற்றுப் பார்க்காமல், அமைதியாகப் பேசிக்கொண்டே பின்வாங்குங்கள். பாய்ந்து வந்தால் அசையாமல் நின்று ஸ்ப்ரே அடியுங்கள். பல பாய்ச்சல்கள் நடுவிலேயே நின்றுவிடும்.

மேலே விழுந்துவிட்டால் எந்தக் கரடி என்பது முக்கியம். நிறத்தை நம்பாதீர்கள், கருங்கரடி பழுப்பாகவும் இருக்கும். தோளில் திமில், குழிந்த முகம், சிறிய வட்டக் காது இருந்தால் கிரிஸ்லி. திடுக்கிட்டு, தன்னையோ குட்டியையோ காக்கத் தாக்கும் கிரிஸ்லியிடம் செத்தது போல் கிடக்க வேண்டும்: குப்புறப் படுத்து, முதுகுப்பையைக் கழற்றாமல், கைகளைப் பிடரியில் கோத்து, கால்களை அகட்டி. அது விலகிப் போகும்வரை எழக்கூடாது. கருங்கரடி தாக்கினால் கிடக்கக் கூடாது, கிடைத்ததை எடுத்து முகத்தில் அடித்துப் போராட வேண்டும். இரவில் கூடாரத்துக்குள் வரும் கரடி எதுவானாலும் போராட வேண்டும். அது தற்காப்புக்காக வந்ததல்ல.

சாலையில் இருபது வண்டி கன்னாபின்னாவென்று நின்றிருந்தால் அருகில் கரடி மேய்கிறது என்று அர்த்தம். நடுச்சாலையில் நிறுத்தாமல், நான்கு சக்கரமும் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே போகும் ஒதுக்கிடத்தில் நிறுத்துங்கள். இடமில்லையென்றால் போய்க்கொண்டே இருங்கள். வண்டி ஜன்னலிலிருந்து எதையும் போடக் கூடாது என்பதைப் பிள்ளைகளுக்கும், சிப்ஸ் பாக்கெட்டோடு உட்கார்ந்திருக்கும் மாமாக்களுக்கும் சொல்லி வையுங்கள்.

காலி செய்யும்போது

கிளம்பும் அன்றுதான் பூட்டுக்காரர் முறை தளர்ந்துவிடும். எல்லாரும் சாமான் ஏற்றும் அவசரத்தில் இருப்பார்கள். கரடிப் பெட்டியின் உள்மூலை, மேசைக்கு அடி, நெருப்புக் குழி மூன்றையும் கடைசியாக ஒருவர் பார்த்த பிறகே வண்டி நகர வேண்டும். அடுத்த கூட்டம் அன்று மாலையே அதே இடத்தில் கூடாரம் போடும். மிஞ்சிய கேஸையும் ஸ்ப்ரேயையும் விமானத்தில் கொண்டுபோக முடியாது. புதிதாக வந்து இறங்கும் கூட்டத்திடம் காலாவதித் தேதியைக் காட்டிக் கொடுத்துவிடுங்கள், சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள். யாரும் இல்லையென்றால் விசிட்டர் சென்டரில் எங்கே போடுவது என்று கேளுங்கள். சாதாரணக் குப்பைத் தொட்டியில் மட்டும் போடாதீர்கள். லாரியில் நசுங்கும்போது ஸ்ப்ரே டப்பா வெடித்தால் கண் எரிவது குப்பை அள்ளுபவருக்குத்தான்.